அழுகையும் வெகுளியும் – போருக்குப் பிந்திய ஜெர்மானிய நாவல்களில் யூதப்பகை

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியில் பணம் தன் மதிப்பை இழந்தது, மக்கள் வறியராயினர், அமைச்சரவைகள் நிலையின்றி மாறின, அதனால் தீவிரக் கட்சிகள் தலையெடுத்தன, யூதர்மேல் பகை மூண்டது. வரலாற்று நூல்கள் பலவற்றிலும் காணப்படும் இக்காரணத் தொடரை நம் மாணவரும் தம் ஆய்வுரைகளில் அவ்வாறே எடுத்தாள்கின்றனர். தொடரின் ஒவ்வொரு கண்ணியும் உண்மையே. ஆயினும் 'அதனால்' என்னும் ஒரு சொல் ஆங்குத் தாங்கும் சுமை மிகப் பெரிது. பசித்தவன் அழுவான், இரப்பான், திருடவும் கூடும். அவன் தன் அண்டை வீட்டானை, அவ்வண்டை வீட்டானும் பசித்திருக்கும்போதே, தன்னைக் கெடுத்த பகைவன் என்று எவ்வாறு கருதத் தொடங்குகிறான்? பொருளியல் அட்டவணைகள் இவ்வினாவிற்கு விடை தருவதில்லை. அக்காலத்தே அந்நகரங்களில் வாழ்ந்து எழுதிய நாவலாசிரியர் சிலர் விடை தந்துள்ளனர். யோசப் ரோத் எழுதிய 'சிலந்தி வலை' (1923), ஹூகோ பெட்டாவர் எழுதிய 'யூதர் இல்லாத நகரம்' (1922), ஹான்ஸ் ஃபல்லாடா எழுதிய 'சிறிய மனிதனே, இனி என்ன?' (1932) என்னும் மூன்று நாவல்களையும் அவ்வினாவை முன்வைத்துப் படித்ததன் விளைவு இக்கட்டுரை.

முதற்கண் இழப்பின் தன்மையை அறிந்துகொள்ள வேண்டும். 1914 ஜூலையில் ஓர் அமெரிக்க டாலருக்கு 4.2 மார்க் கொடுத்தால் போதும். 1923 நவம்பர் 20இல் அதே டாலருக்கு 4,20,000 கோடி மார்க் கொடுக்க வேண்டியதாயிற்று. அம்மாதத் தொடக்கத்தில் பெர்லினில் ஒரு ரொட்டியின் விலை 14,000 கோடி மார்க். வாழ்நாளெல்லாம் சேமித்தவரும், ஓய்வூதியத்தை நம்பியவரும், நாட்டுப்பற்றினால் போர்க்கடன் பத்திரம் வாங்கியவரும் ஒருங்கே வெறுங்கையராயினர். கடன்பட்டிருந்தவரோ ஒரு நாள் கூலியால் பெருங்கடனைத் தீர்த்தனர். போர்ச்செலவைப் பெரும்பாலும் வரியால் ஈட்டாது கடனால் ஈட்டிய அரசு, பின்னர் அச்சகத்தின் துணையால் அக்கடனினின்று விடுபட்டது. இங்கே கருதத்தக்கது ஒன்று உண்டு. திருட்டில் இழந்தவனும் உண்டு, எடுத்தவனும் உண்டு. பணவீக்கத்தில் இழந்தவன் மட்டுமே கண்ணுக்குப் புலப்படுகிறான். முகமில்லாத இழப்பு அது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் செய்துள்ள பாகுபாடு ஒன்று இங்கே நமக்குக் கருவியாகிறது. அழுகைக்கு நிலைக்களனாக அவர் கொண்டவை இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கு. வெகுளிக்கு நிலைக்களனாக அவர் கொண்டவை உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்னும் வேறு நான்கு. வறுமை வெகுளியின் வரிசையில் இல்லை, இழவும் இல்லை, பிறரால் இகழப்படுதலாகிய இளிவும் இல்லை. இவை மூன்றும் அழுகைக்கே உரியன. அசைவு என்பதற்கு முன்னைய நன்னிலை கெட்டு வேறொருவாறாகி வருந்துதல் என்ற கருத்துப்படப் பேராசிரியர் உரை காண்பர். 1923ஆம் ஆண்டு ஜெர்மானிய நடுத்தரக் குடும்பத்தின் நிலைக்கு இதனினும் பொருத்தமான விளக்கம் வேண்டியதில்லை. அந்நூற்பாவை பெர்லின் வரைக்கும் இழுத்துச் சென்று பெருமை கொள்வது என் நோக்கமன்று. இரு மெய்ப்பாடுகளின் நிலைக்களன்கள் வேறுவேறு என்ற அந்தத் தெளிவு மட்டுமே நமக்கு வேண்டுவது. அழுகைக்குரியவன் வெகுளிக்குரியவனாக மாறவேண்டுமாயின், இடையில் ஒருவன் வந்து, 'நீ இழந்தாய் அல்லை, உன்னிடமிருந்து பறித்தனர், உன் குடியைக் கெடுத்தனர்' என்று சொல்லவேண்டும். அழுகை தானாக வெகுளியாகக் கனிவதில்லை. ஒரு கதை அதனை வெகுளியாக்குகிறது. கதை என்பதனாலேயே இஃது இலக்கிய ஆய்வாளர்க்கும் உரிய பொருளாகிறது.

அக்கதை பணவீக்கத்துக்கு முன்னரே ஆயத்தமாக இருந்தது. யூதப்பகையைப் பெயராகக் கொண்ட சங்கம் ஒன்றை வில்ஹெல்ம் மார் பெர்லினில் நிறுவியது 1879இல். வியன்னா நகரின் மேயராக 1897 முதல் 1910 வரை இருந்த கார்ல் லூகர் யூதப்பகையை வாக்குச் சேர்க்கும் கலையாகவே வளர்த்தார். அவை வளமான ஆண்டுகள். ரொட்டிக்குக் குறைவில்லாத ஆண்டுகள். போரின் நடுவே, 1916இல், படையிலுள்ள யூதர் போர்முனையில் நிற்கின்றனரா, ஒளிந்துகொள்கின்றனரா என்று எண்ணிப் பார்க்குமாறு பிரஷ்யப் போர் அமைச்சகம் ஆணையிட்டது. அவ்வெண்ணிக்கையின் முடிவு போர்க்காலத்தில் வெளியிடப்படவில்லை. ஐயம் மட்டும் வெளியாயிற்று. ஏறத்தாழ ஓர் இலட்சம் யூதர் அப்படையில் பணிபுரிந்தனர். 12,000 பேர் அளவில் மாண்டனர். போர் முடிந்தபின், 1919 நவம்பரில், படை முதுகில் குத்தப்பட்டது என்ற பொருள்பட ஹிண்டன்பர்க் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் மொழிந்தார். இழந்த நிலப்பகுதிகள் நாட்டின் உறுப்பறை ஆயின. தோல்வி கொலை ஆயிற்று. வெகுளிக்கு வேண்டிய நிலைக்களன்களைப் பரப்புரையாளர் இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக நிரப்பிவந்தனர். யூதர் எவரும் குடிமகன் ஆகலாகாது என்ற விதியைக் கொண்ட நாட்சிக் கட்சியின் 25 அம்சத் திட்டம் 1920 பிப்ரவரி 24இல் மியூனிக்கில் படிக்கப்பட்டபோது, மார்க் பெருவீழ்ச்சி அடைய இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. பொருளாதார வீழ்ச்சி அக்கதையைப் படைக்கவில்லை. அதற்குக் கேட்போரைத் தேடித் தந்தது.

இனி, ரோத்தின் நாவல். வியன்னாவில் சமூக ஜனநாயகக் கட்சியின் நாளேடாக விளங்கிய 'ஆர்பைட்டர் ஸைட்டுங்'கில் 1923 அக்டோபர் 7 முதல் நவம்பர் 6 வரை அது தொடராக வந்தது. லூடன்டார்ஃப், ஹிட்லர் ஆகியோரின் பெயர்கள் அந்நாவலில் இடம்பெற்றுள்ளன. தொடர் முடிந்த இரண்டாம் நாள் அவ்விருவரும் மியூனிக்கில் ஆட்சியைக் கைப்பற்ற முயன்றனர். இதனைச் சுட்டித் திறனாய்வாளர் பலர் ரோத்தை வருவதுரைத்தவர் என்று போற்றுவர். இப்புகழ்ச்சி நாவலைச் சிறுமைப்படுத்துகிறது என்பது என் கருத்து. ரோத் செய்தியாளராகப் பெர்லினில் வாழ்ந்தவர்; வெளியுறவு அமைச்சராக இருந்த யூதர் வால்டர் ராத்தெனௌ 1922 ஜூன் 24இல் கொல்லப்பட்ட வழக்கை லைப்சிக் நீதிமன்றத்தில் இருந்து எழுதியவர். அவர் வருவதை உரைத்தவரல்லர். ஏற்கெனவே வந்திருந்ததைப் பிறர் காணாதபோது கண்டவர்.

கதைத்தலைவன் தியோடோர் லோசெ. போரில் லெஃப்டினன்ட்டாக இருந்து வீடு திரும்பியவன். சட்டம் பயிலும் மாணவன். அவன் உயிரோடு வந்ததைத் தாயும் தங்கையரும் மன்னிக்கவில்லை. மாண்டிருந்தால் குடும்பத்தின் பெருமையாக இருந்திருப்பான். வாழ்வதால் உணவுக்கு ஒரு வாயாக இருக்கிறான். புறநானூற்றுத் தாயரைப் பாடம் சொல்லிப் பழகிய நமக்கு இவ்விடம் சற்றே உறுத்தும். அத்தாயர்க்கு மகனின் சாவு பெருமை. அவன் பிழைத்து வருதல் வசையன்று, புறமுதுகிட்டிருந்தால் மட்டுமே வசை. லோசெயின் வீட்டிலோ பிழைத்தலே வசை. இவ்விளிவில் தொடங்குகிறது நாவல். அவனுக்குப் பசியில்லை என்பதைக் கருத்தூன்றிக் காணவேண்டும். எஃப்ருசி என்னும் யூத நகைவணிகரின் இல்லத்தில் அவர் மகனுக்குப் பாடம் சொல்லித் தருகிறான், ஊதியம் பெறுகிறான். அவ்வூதியம் அவன் வயிற்றை நிரப்புகிறது. அதைக் கொடுக்கும் கை அவன் மானத்தைப் புண்படுத்துகிறது. அதற்கும் முன்னரே, பள்ளி நாட்களில், வகுப்பில் முதலிடம் பெற்றவன் ஒரு யூதச் சிறுவன் என்ற நினைவு அவனுள் கிடக்கிறது. இந்நினைவை ரோத் போருக்கு முந்திய காலத்தில் வைத்தது தற்செயலன்று. வித்து பழையது, நிலம் உழப்பட்டது மட்டுமே புதிது.

லோசெ படையில் இன்பமாக இருந்தான். எண்ணவேண்டிய பொறுப்பு ஆங்கு அவனுக்கு இல்லை. மேலே ஆணையிடுவோர் இருந்தனர், கீழே பணிவோர் இருந்தனர். அவனைத் தோல்வி கெடுத்ததைவிட அமைதி கெடுத்தது மிகுதி. ஆதலின் இரகசியச் சங்கம் ஒன்று அவனை அழைத்தபோது, அவன் அங்கே கண்டது கொள்கையை அன்று, மீண்டும் ஓர் அணிவரிசையை. இங்கே ரோத்தின் திறம் விளங்குகிறது. யூதப்பகையை வாதத்தால் ஏற்றுக்கொண்டவனாக லோசெயை அவர் காட்டவே இல்லை. அவன் மனத்தில் முன்னரே சிதறிக் கிடந்த சிறு சிறு இளிவுகள் – வகுப்பின் இரண்டாமிடம், தங்கையரின் பார்வை, நகைவணிகர் வீட்டு மாடிப்படி – எல்லாம் ஒரே சொல்லால் ஒரே நொடியில் விளக்கம் பெறுகின்றன. அவ்விளக்கம் தரும் ஆறுதலே அவனை ஆட்கொள்கிறது. 'நான் தாழ்ந்தவன் அல்லேன். தாழ்த்தப்பட்டேன்' என்ற எண்ணம் எவர்க்கும் இனியது.

நாவலின் நடை இதற்கு ஏற்றவாறு அமைந்திருக்கிறது. சின்னஞ்சிறு வாக்கியங்கள், செய்தித்தாளின் வறண்ட மொழி. லோசெயின் பொய்யான எண்ணங்களை ஆசிரியர் தம் கூற்றாகவே, மேற்கோள் குறியோ மறுப்போ இன்றி எழுதிச் செல்கிறார். உண்மைச் செய்தியும் வெறியனின் கற்பனையும் ஒரே குரலில் ஒலிக்கின்றன. எது எது என்று பிரித்தறியும் பொறுப்பு படிப்போனிடம் விடப்படுகிறது. அன்றைய நாளேடுகளைப் படித்தவரின் நிலையும் அதுவே.

மற்றொன்று: லோசெ உயர உயர அவன் பகையும் உயர்கிறது. தன் மேலாளனைக் கொன்று அவனது இடத்தைப் பெறுகிறான். உழவுத்தொழிலாளரைச் சுட்டொழித்து வீரனெனப் பெயர் வாங்குகிறான். உயர்குடிப் பெண்ணை மணக்கிறான். அரசின் பாதுகாப்புத் துறையில் பெரும்பதவி அடைகிறான். வறுமை நீங்கினால் வெறி தணியும் என்று எண்ணுவோர்க்கு இந்நாவல் இடம் தருவதில்லை. பகை அவனுக்கு ஏணி. ஏறியபின் ஏணியை எறிந்துவிடுவான் என்பதற்கும் இல்லை, மேலும் படிகள் இருக்கின்றன.

குறையையும் சொல்லவேண்டும். பெஞ்சமின் லென்ஸ் என்னும் யூத உளவாளி எல்லாத் தரப்புக்கும் தன்னை விற்று, ஐரோப்பா முழுதும் அழிவதை விரும்பிக் காத்திருக்கிறான். ரோத் தாமே யூதர். கலிசியா நாட்டு புரோடியில் 1894இல் பிறந்தவர். அவர் கையாலேயே வெறியர் தீட்டும் யூதச் சித்திரம் ஒன்று இந்நாவலுள் நுழைந்திருக்கிறது. லென்ஸ் ஒருவனே எல்லாம் வாணிகம் என்று அறிந்தவன். அவன் வழியாகவே மற்றவரின் பொய் வெளிப்படுகிறது என்று அமைதி கூறலாம். அவ்வமைதி எனக்கு நிறைவளிக்கவில்லை. தொடரைக் கட்டி முடிக்கும் அவசரத்தில் தீட்டப்பட்ட பாத்திரம் அது. ரோத் தம் வாழ்நாளில் இந்நாவலை நூலாக்கவில்லை; அது நூலானது 1967இல், அவர் பாரிசில் மறைந்து 28 ஆண்டுகள் கழிந்தபின்.

கொலை செய்த லோசெயை எந்த நீதிமன்றமும் வினவுவதில்லை. இது நாவலின் மிகைக்கற்பனை என்று கொள்ளவேண்டா. எமில் யூலியுஸ் கும்பெல் என்னும் புள்ளியியல் அறிஞர் 'நான்காண்டு அரசியல் கொலைகள்' என்று 1922இல் ஒரு நூல் வெளியிட்டார். வலசாரியினர் செய்த கொலைகள் 354 என்றும், அவற்றுள் 326 தண்டனை பெறவில்லை என்றும், இடசாரியினர் செய்தவை 22 என்றும் அவர் கணக்கிட்டார். அரசியல் நிலையாமை என்றவுடன் அமைச்சரவைகள் மாறியதையே நாம் நினைக்கிறோம். 14 ஆண்டுகளில் ஏறத்தாழ 20 அமைச்சரவைகள் மாறின என்பதும் மெய்யே. ஆனால் அமைச்சர் மாறியபோதும் நீதிபதிகள் மாறவில்லை. பழைய பேரரசின் நீதிபதிகளே குடியரசின் இருக்கைகளில் அமர்ந்திருந்தனர். நிலையாமை அன்று, இந்த நிலைபேறே கொலையாளிகளுக்குத் துணையாயிற்று. ஆட்சியைக் கவிழ்க்க முயன்ற ஹிட்லருக்கு 1924 ஏப்ரல் 1இல் ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது; அவ்வாண்டு டிசம்பர் 20இல் அவர் வெளியே வந்துவிட்டார்.

ரோத்தின் தொடர் வியன்னாவில் முடிவுற்ற அதே நாட்களில், 1923 நவம்பர் 5, 6 தேதிகளில், பெர்லினில் ஒன்று நடந்தது. உதவித்தொகை பெற நின்ற வேலையற்றோரிடம் பணம் இல்லை என்று சொல்லப்பட்டது. கூட்டத்தில் புகுந்த சிலர், அப்பணத்தையெல்லாம் கலிசியா யூதர் வாங்கிப் பதுக்கிவிட்டனர் என்று பரப்பினர். கிழக்கிலிருந்து வந்த ஏழை யூதர் நெருங்கி வாழ்ந்த ஷொய்னன்ஃபியர்ட்டல் பகுதியை நோக்கிக் கூட்டம் திரும்பியது. கடைகள் சூறையாடப்பட்டன, தெருவில் அகப்பட்டோர் ஆடை களையப்பட்டு அடிபட்டனர். பணம் இல்லை என்ற செய்திக்கும் கல்லெறிக்கும் இடையில் ஒரு வாக்கியம் நிற்கிறது. அவ்வாக்கியத்தைச் சொன்னவர் பசியால் சொன்னாரல்லர்.

ஆஸ்திரியாவின் தலைநகரமோ வேறு வகையான நாவலைத் தந்தது. அங்கும் குரோன் நாணயம் சரிந்தது. 1925இல் புதிய ஷில்லிங் வந்தபோது 10,000 குரோனுக்கு ஒரு ஷில்லிங் என்று மாற்றிக் கொடுத்தனர். அச்சரிவின் நடுவே, 1922இல், பெட்டாவரின் 'யூதர் இல்லாத நகரம்' வெளிவந்தது. 'நாளை மறுநாளைப் பற்றிய நாவல்' என்பது அதன் துணைத்தலைப்பு. நாட்டின் துயரெல்லாம் யூதரால் என்று முதலமைச்சர் சட்டம் கொண்டுவந்து யூதர் அனைவரையும் வெளியேற்றுகிறார். மக்கள் ஆர்ப்பரிக்கின்றனர். நாணயம் சில நாள் ஏறுகிறது. பின்னர் முன்னினும் கீழே வீழ்கிறது. ஆடைக்கடைகள் மூடப்படுகின்றன, நாடகமேடைகள் வெறிச்சோடுகின்றன, பெருநகர் பட்டிக்காடாகிறது. லியோ ஸ்ட்ரக்கோஷ் என்னும் யூத ஓவியன் பிரெஞ்சுக்காரன் வேடத்தில் காதலியிடம் திரும்பி, சுவரொட்டிகளால் மக்கள் மனத்தைத் திருப்புகிறான். இறுதியில் சட்டம் நீக்கப்பட, நகர மேயர் முதலில் வந்த யூதனை அன்புமொழி கூறி வரவேற்கிறார்.

எள்ளல் நயம் மிக்க கதை, விரைவாகப் படிக்கத்தக்கது. எனினும் இதன் வாதத்தை ஆராய்ந்தால் இடருண்டாகிறது. யூதர் இல்லையேல் பணமில்லை, நாகரிகமில்லை, நல்ல உடையில்லை என்று நிறுவுவதால், யூதர் என்றால் பணம் என்ற எதிரியின் முதற்கூற்றையே பெட்டாவர் ஒப்புக்கொண்டுவிடுகிறார். எதிரி கெடுதி என்றதை இவர் நன்மை என்கிறார், சமன்பாடு மாறவில்லை. மேலும், பகை நட்டத்தில் முடியும். நட்டம் கண்டால் மக்கள் திருந்துவர் என்பது இவர் நம்பிக்கை. இந்நம்பிக்கையை வரலாறு கொடிய முறையில் மறுத்தது. 1938 மார்ச்சில் ஆஸ்திரியா ஜெர்மனியோடு இணைக்கப்பட்டபின் வியன்னா மெய்யாகவே யூதர் இல்லாத நகரமாக்கப்பட்டது. அப்போது அண்டை அயலார்க்கு வந்தது நட்டமன்று. வீடு கிடைத்தது, கடை கிடைத்தது, அலுவலகத்தில் மேலிருந்த இடம் கிடைத்தது. பகை விலை கேட்கும் என்றார் பெட்டாவர். அது பரிசு கொடுத்தது. 65,000 ஆஸ்திரிய யூதர் அளவில் கொல்லப்பட்டனர்.

எனினும் பெட்டாவரின் குறையைச் சொல்லும்போது குரல் தாழவேண்டும். யூதக் குடியில் பிறந்து இளமையிலேயே கிறித்தவத்தைத் தழுவியவர் அவர். மாற்றம் அவரைக் காக்கவில்லை. 1925 மார்ச் 10இல் ஓட்டோ ரோத்ஷ்டாக் என்னும் இளைஞன் அவரை அலுவலகத்தில் சுட்டான். மார்ச் 26இல் அவர் இறந்தார். கொலையாளியை மனநலக் காப்பகத்துக்கு அனுப்பினர், 1927இல் விடுவித்தனர். 1924இல் இந்நாவலைத் தழுவி வந்த ஊமைத் திரைப்படத்தில் யூதப்பகைவர் ஒருவர் மனநலக் காப்பகத்தில் அடைபடுவதாக ஒரு காட்சி உண்டு. நெடுங்காலம் குறையுற்றுக் கிடந்த அப்படத்தின் பிரதி ஒன்று 2015இல் பாரிசின் பழம்பொருட் சந்தையில் கிடைத்தது; அதன்பின்னரே மறைந்திருந்த பகுதிகளைக் காணமுடிந்தது.

இவ்விடத்தில் எலியாஸ் கனெட்டியின் கருத்தைக் கருதாது செல்லுதல் முறையாகாது. 1960இல் வெளிவந்த 'கூட்டமும் அதிகாரமும்' என்னும் நூலில் பணவீக்கத்தைப் பற்றி ஓர் அதிகாரம் உண்டு. பணம் மதிப்பிழந்தபோது மனிதனும் தன்னை மதிப்பிழந்தவனாக உணர்ந்தான். அவ்விளிவைத் தான் மறக்கவேண்டுமாயின் தன்னினும் மதிப்பிழந்த ஒன்றைக் காணவேண்டும். மார்க் எவ்வாறு படிப்படியாகத் தாழ்த்தப்பட்டுக் குப்பையாயிற்றோ அவ்வாறே யூதர் படிப்படியாகத் தாழ்த்தப்பட்டு, பெருந்தொகையில் அழிக்கப்பட்டனர் என்பது அவர் கருத்தின் சாரம். இளமையில் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் அப்பணவீக்கத்தை நேரிற் கண்டவர் கனெட்டி. இளிவே அச்சு என்று கண்ட அளவில் அவர் ரோத்துக்கு நெருங்கி நிற்கிறார். ஆயினும் உவமையின் பொருத்தம் காரணத்தின் பொருத்தம் ஆகாது. பணவீக்கம் 1923 இறுதியில் நின்றது. அதன்பின் நாட்சிக் கட்சி பெற்ற வாக்குகள் பெருகவில்லை, தேய்ந்தன: 1924 மே மாதத்தில் அதன் அணி 6.5 விழுக்காடு பெற்றது. 1928 மே மாதத்தில் அக்கட்சி 2.6 விழுக்காடே பெற்றது. மீண்டும் வீழ்ச்சி வந்தபோது, அதுவும் விலை ஏறிய வீழ்ச்சியாக அன்றி விலையும் கூலியும் இறங்கிய வீழ்ச்சியாக வந்தபோது, 1930 செப்டம்பரில் 18.3 விழுக்காடாகவும் 1932 ஜூலையில் 37.3 விழுக்காடாகவும் அது உயர்ந்தது. இத்தனையும் மனத்திற்கொண்டாலும் இன்னொன்று எஞ்சுகிறது. 1938 நவம்பரில் ஜெர்மனி முழுதும் யூதக் கோயில்கள் எரிக்கப்பட்டபோது வேலையின்மை ஏறத்தாழ மறைந்திருந்தது. 60 இலட்சம் யூதரைக் கொன்ற ஆட்சி வறுமையில் இருந்து அதனைச் செய்யவில்லை. பொருளாதார வீழ்ச்சி கதவைத் திறந்தது உண்மை. உள்ளே வந்தவர் செய்ததற்கெல்லாம் கதவைக் காரணமாக்கல் ஆகாது.

ஃபல்லாடாவின் நாவல் இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாதது. ஏனெனில், அது எதிர்மறைச் சான்று. 1932 ஜூனில், வேலையற்றோர் தொகை 60 இலட்சத்தை எட்டியிருந்த ஆண்டில், அது வெளிவந்தது. தலைவன் பின்னெபர்க் ஒரு சிற்றெழுத்தன். பின்னர்ப் பெர்லினில் ஓர் ஆடவர் ஆடைப் பகுதியில் விற்பனையாளன். மாண்டல் என்னும் யூதப் பெயர் தாங்கிய பேரங்காடி அது. மாதந்தோறும் இவ்வளவு விற்கவேண்டும் என்ற அளவு விதிக்கப்படுகிறது. அளவு குறைந்தால் வேலை போகும். ஒருநாள் போகிறது. நகர்ப்புறத்தே ஒரு தோட்டக்குடிலில் குடும்பம் ஒதுங்குகிறது. மனைவி எம்மா பிறர் வீட்டுத் துணிகளைத் தைத்துப் பிழைப்பு நடத்துகிறாள். பேரங்காடிகளைப் பறிமுதல் செய்து சிறுவணிகர்க்குக் கொடுக்கவேண்டும் என்று நாட்சித் திட்டத்தின் 16ஆம் அம்சம் கூறிக்கொண்டிருந்த காலம். பின்னெபர்க்குக்கு வெகுளி கொள்ள வேண்டிய எல்லாம் ஆயத்தமாக இருந்தன: வறுமை, அசைவு, இளிவு, எதிரே ஒரு பெயர். லோசெயிடம் இருந்தவற்றினும் இவனிடம் மிகுதியாகவே இருந்தன. ஆனால் இவன் அக்கதையை எடுத்துக்கொள்ளவில்லை. அயலார் இரவில் காட்டு விறகைத் திருடச் செல்லும்போது உடன் செல்லவும் இல்லை.

ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்பதை ஃபல்லாடா விளக்கவில்லை. கொள்கை ஏதும் அவனுக்கு இல்லை, துணிவும் இல்லை, அரசியலில் மனைவிக்கு இருக்கும் தெளிவில் பாதி அவனுக்கு இல்லை. நாவலில் ஓரிடம் இதற்கு வெளிச்சம் தருகிறது. ஃபிரீட்ரிஹ் வீதியில் கடைச்சாளரத்தின் முன் நிற்கும் அவனை, உடையின் அழுக்கைக் கண்ட காவலன் நடைபாதையினின்று கீழே தள்ளி விரட்டுகிறான். நேற்றுவரை கழுத்துப்பட்டை அணிந்து அக்கண்ணாடியின் உட்புறத்தே நின்று விற்றவன், இன்று வெளிப்புறத்தே நிற்கும் உரிமையும் இழந்தான். ரோத்தின் கதைமாந்தர் எவரும் இத்தனை கீழே தள்ளப்படவில்லை. அவ்விரவு அவன் வீட்டுக்குள் செல்ல நாணி இருளில் நிற்கிறான். எம்மா வெளியே வந்து அவனை அணைத்து உள்ளே அழைத்துச் செல்கிறாள். அவன் இளிவை அறிந்து அதனை இளிவாகக் கொள்ளாத ஒருத்தி இருக்கிறாள். லோசெக்கு அப்படி ஒருவரும் இல்லை. அவன் வீட்டில் இளிவைத் தந்தவரே தாயும் தங்கையரும். அழுகையை அழுகையாகவே அழுது தீர்க்க இடம் பெற்றவன் பின்னெபர்க். மிகையான காதற்காட்சி என்று இதனைக் குறைகூறிய திறனாய்வாளர் உண்டு. நாவலின் முடிவு பொருளாதாரத்தைக் குடும்பத்துக்குள் ஒளித்துவிடுகிறது என்பதும் ஓரளவு சரியே. காலையில் வேலை கிடைக்கப்போவதில்லை. எனினும் வறுமைக்கும் வெகுளிக்கும் நடுவே உள்ள இடைவெளியை இக்காட்சி அளந்து காட்டுகிறது.

பின்னெபர்க்குடன் சிற்றூர்த் தானிய வணிகரிடம் பணிபுரிந்த லௌட்டர்பாஹ் என்பவன் நாட்சிக் கட்சியில் சேர்ந்தவன். அவன் சேர்ந்தது பசியால் அன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுது போகாமையால். கட்சியில் சேர்ந்தபின் ஞாயிறுதோறும் அடிதடி, திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளக் கதை. நாவலில் சில பக்கங்களே வரும் பாத்திரம். ஆனால் நாட்சிகளுக்கு அச்சில பக்கங்களே உறுத்தின. அவர்கள் ஆட்சியில் வெளிவந்த பதிப்பில் லௌட்டர்பாஹ் கட்சிக்காரனாக இல்லை. முரட்டுத்தனமான கால்பந்துக் கோல்காப்பாளனாக மாற்றப்பட்டிருந்தான். 1932இன் முதற் பதிப்பே நீளத்தைக் குறைக்கப் பல பகுதிகள் நீக்கப்பட்டு அச்சானது. கையெழுத்துப்படியை ஒட்டிய முழுவடிவம் 2016இல்தான் ஜெர்மனியில் வெளிவந்தது. ஆதலின் இந்நாவலை ஆய்வுக்கு எடுத்துக்கொள்வோர் தம் கையிலுள்ளது எப்பதிப்பு என்று முதலில் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். கோல்காப்பாளன் இருக்கும் பதிப்பை வைத்துக்கொண்டு, அச்சிற்றூர் அலுவலகத்தில் அரசியலே நுழையவில்லை என்று எழுதிய ஆய்வேடு ஒன்றை நானே மதிப்பிட நேர்ந்தது.